பதில் சொல்ல ஓர் ஆள்: திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊத்தங்கரை,
கிருஷ்ணகிரி மாவட்டம்,
2025 ஜூன் 1.

பெருமதிப்பிற்குரிய திருத்தந்தை அவர்களுக்கு,

தாங்கள் சூடிய பெயரை நாங்கள் ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். மே 8ஆம் தேதி தேர்ந்தெடுக்கப்பட்ட தாங்கள், மே 10ஆம் தேதி கர்தினால்களிடம் பேசும்போது அந்தப் பெயருக்கான காரணத்தை விளக்கினீர்கள். முதல் பெரும் தொழிற்புரட்சியின் காலத்தில் பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலில் தொழிலாளர் பிரச்சினையைக் கையிலெடுத்தார். இன்று செயற்கை நுண்ணறிவோடு இன்னொரு தொழிற்புரட்சி வந்திருக்கிறது. மனித மாண்பும் நீதியும் உழைப்பும் காக்கப்பட வேண்டும் என்ற பொருள்பட அன்று பேசினீர்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்களில் நானும் ஒருவன். கத்தோலிக்கப் பொதுநிலையினன், இறையியல் படித்தவன் அல்லன். பெரும்பாலும் தங்கள் கைக்கு வந்து சேராத மடல் இது என்பதும் தெரியும். வழியில் இதைப் படிக்கக்கூடிய எங்கள் நாட்டு ஆயர்களும் ஆலை நிர்வாகிகளும் அமைச்சர்களும் தங்களுக்கு எழுதியதாகவே இதை எண்ணிக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

ஊத்தங்கரை, கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. எங்கள் தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்ததே 1997இல்தான். மாவும் புளியும் ராகியும் நிலக்கடலையும் விளையும் மேட்டுநிலம் இது. மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். இப்போது பெங்களூரின் வேலைகள் எல்லையைத் தாண்டி எங்களைத் தேடி வந்துவிட்டன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று ஆலைகள் நீள்கின்றன. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். ஐபோனின் உறைப்பாகம், வெளிநாட்டுக் காலணி, மின்சார ஸ்கூட்டர் என்று அவர்கள் தொட்டு அனுப்பும் பொருள்கள் உலகமெங்கும் போகின்றன. அவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்வது பல இடங்களில் ரோபோ. அவர்கள் செய்யும் வேலையை எண்ணிக்கொண்டிருப்பது ஒரு கேமரா.

இதைப் பற்றியெல்லாம் ரோம் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உலகின் பல அரசுகள் விழித்துக்கொள்வதற்கு முன்பே, 2020 பிப்ரவரி 28 அன்று, வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் செயற்கை நுண்ணறிவின் அறநெறிக்கான ‘ரோம் அழைப்பு’ ஆவணத்தை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, எவரையும் விலக்காமை, பொறுப்பேற்றல், பாரபட்சமின்மை, நம்பகத்தன்மை, பாதுகாப்பும் அந்தரங்கமும் என்று ஆறு நெறிகளை அது சொல்லியது. 2024 சனவரி முதல் நாளின் உலக அமைதிச் செய்தியைத் திருத்தந்தை பிரான்சிஸ் இதே பொருளில்தான் எழுதினார். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று, ஜி7 மாநாட்டில் பங்கேற்ற முதல் திருத்தந்தையாக இத்தாலியின் புலியாவில் நின்று, எந்தப் பொறியும் ஒரு மனித உயிரைப் பறிப்பதா என்று தானே முடிவெடுக்கலாகாது என்று கேட்டுக்கொண்டார். எங்கள் பிரதமரும் அந்த அவையில் இருந்தார். இந்த ஆண்டு சனவரி 28 அன்று இதே பொருளில் ‘அந்திக்குவா எத் நோவா’ ஆவணம் வெளியானது, 117 பத்திகள். பொறிகள் தொழிலாளிக்கு உதவுவதற்குப் பதிலாகத் தொழிலாளியே பொறியின் வேகத்துக்கு ஓட வேண்டியதாகிறது, கற்ற திறன் தேய்கிறது, தானியங்கிக் கண்காணிப்புக்குள் அவர் அகப்படுகிறார் என்று அதில் ஒரு பத்தி சொல்கிறது. ரோமில் இருந்துகொண்டு போச்சம்பள்ளியை எப்படி இவ்வளவு சரியாகக் கண்டார்கள் என்று அதைப் படித்தபோது வியந்தேன்.

குறை, இவையெல்லாம் யாரிடம் சொல்லப்பட்டன என்பதில் இருக்கிறது. 2020இல் அந்த அழைப்பில் முதலில் கையெழுத்திட்டவர்கள் ஐந்து தரப்பினர்: பாப்பிறைக் கழகத்தின் தலைவர், மைக்ரோசாப்ட், ஐபிஎம், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு, இத்தாலிய அரசு. பிறகு 2024 ஏப்ரலில் சிஸ்கோ சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஹிரோஷிமாவில் பல சமயங்களின் தலைவர்கள் சேர்ந்தார்கள். பொறியைச் செய்பவர், பொறியை வாங்கும் அரசு, பொறியைப் பற்றிச் சிந்திக்கும் சமயம் என்று எல்லோருக்கும் அந்த மேசையில் நாற்காலி போடப்பட்டது. பொறியின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு முதல் நாளில் நாற்காலி இல்லை. தாங்கள் கணிதம் படித்தவர் என்று அறிகிறேன். அந்த ஐவரில் கூலி வாங்குபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பகுதிக்குத் தரப்பட்ட வாக்குறுதி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் ஓலா நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் ஆலைக்காகத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2,400 கோடி ரூபாய் முதலீடு, ஏறக்குறைய 10,000 பேருக்கு வேலை என்றார்கள். போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஆலை எழுந்தது. செயற்கை நுண்ணறிவு இயக்கும் 3,000க்கு மேற்பட்ட ரோபோக்கள், முழுத்திறனை எட்டும்போது ஆண்டுக்கு ஒரு கோடி வண்டிகள் என்றார்கள். 2021 செப்டம்பரில், அந்த ஆலையைப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்றும் அறிவித்தார்கள். ரோபோக்களும் வரும், பத்தாயிரம் பெண்களும் வருவார்கள் என்ற இரண்டு வாக்கும் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தபோது எங்களில் சிலருக்கு ஐயம் எழாமல் இல்லை. கேட்பதற்கு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. 2024–25 நிதியாண்டில் அந்த நிறுவனம் விற்றது சுமார் 3.59 லட்சம் வண்டி. இந்த ஆண்டு மார்ச்சில், ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாகச் செய்தி வந்தது. முன்வரிசைப் பணிகளைத் தானியங்கிமயமாக்கியதாகவும், அதனால் தேவையற்றுப்போன பணியிடங்களை நீக்கியதாகவும் நிறுவனம் விளக்கியது. அந்த வெட்டு ஆலையின் லைனில் விழவில்லை, விற்பனை, சேவை போன்ற இடங்களில்தான் என்று வாதிடலாம், ஒப்புக்கொள்கிறேன். வேலை தருவதாகச் சொல்லி வந்தபோது கூடவே வந்த தானியங்கி என்ற சொல்லே வேலையை எடுப்பதற்கும் காரணமாகச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

ரோபோவின் மேல் எனக்குப் பகை இல்லை. பெயின்ட் அடிக்கும் கூடத்தில் மனித நுரையீரலுக்குப் பதில் இரும்புக் கை நின்றால் அதற்காகக் கண்ணீர் விட எவரும் இல்லை. வெல்டிங் தீப்பொறியும் முதுகை ஒடிக்கும் பாரமும் அப்படித்தான். 1981இல் ‘லபோரெம் எக்ஸர்சென்ஸ்’ சுற்றுமடலை எழுதிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தொழில்நுட்பத்தை மனிதனின் கூட்டாளி என்று ஏற்றுக்கொண்டுதான், மனிதனை ஓரங்கட்டும்போது அது ஏறக்குறைய எதிரியாகிவிடுகிறது என்று எச்சரித்தார். எங்கள் வழக்கும் அதுவே. பாரம் தூக்குகிற பொறி வரட்டும். ஆளை எடைபோட்டு ஒதுக்குகிற பொறியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டாம் வகைப் பொறி கண்ணுக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு பெண். பெயரும் கம்பெனியும் வேண்டாம். கான்ட்ராக்ட் ஏஜென்சி வழியாக வேலைக்குப் போய்வந்தாள். எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த லைன் என்பதெல்லாம் செல்போனில் ஒரு செயலியில்தான் வரும். காய்ச்சலில் சில நாள் படுத்து எழுந்த பிறகு அந்தச் செயலியில் அவளுக்கு ஷிஃப்ட் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஏஜென்சியில் கேட்டாள், கம்பெனியிலிருந்து ஆள் கேட்கவில்லை என்றார்கள். கம்பெனி கேட்டுக்குப் போனாள். நீ எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சியைக் கேள் என்று செக்யூரிட்டி சொன்னார். முன்பு அவளைத் திட்டிக்கொண்டே இருந்த சூப்பர்வைசர், நல்ல மனிதர்தான், தன் கையில் எதுவும் இல்லை, சிஸ்டம் போடுவதுதான் பட்டியல் என்றார். யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் ஒரு கடிதம் இருந்திருக்கும். கடிதத்தின் அடியில் ஒரு கையெழுத்து இருந்திருக்கும். அந்தக் கையெழுத்தைக் காட்டித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருக்கலாம்.

திருத்தந்தை அவர்களே, திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை மத்தேயு நற்செய்தியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே கூலி என்ற முடிவைப் பற்றியே மறையுரைகள் பேசும். இந்தப் பெண்ணின் கதைக்குப் பிறகு அந்த உவமையில் வேறொன்று என் கண்ணில் படுகிறது. ஆள் கூப்பிடத் தோட்டக்காரர் தாமே சந்தைவெளிக்குப் போகிறார். விடியலில் ஒருமுறை, பிறகு நாள் முழுவதும் திரும்பத் திரும்ப. பொழுது சாயும் நேரத்தில் போகும்போதும், சும்மா நிற்பவர்களைப் பார்த்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை வேலைக்கு அமர்த்த எவரும் இல்லை என்ற அவர்களின் பதிலையும் கேட்டுக்கொள்கிறார். மாலையில் கூலி கொடுப்பது மேற்பார்வையாளர்தான். ஆனாலும் முணுமுணுப்பு எழுந்ததும் தோட்டக்காரரே முன்னால் வந்து, முணுமுணுத்தவனைத் தோழனே என்று விளித்து, தம் கணக்கைச் சொல்கிறார். அவர் சொன்ன கணக்கு அந்த ஆளுக்குப் பிடித்ததா என்று நற்செய்தி சொல்லவில்லை. பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார் என்பது போதும். எங்கள் தெருப் பெண்ணுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

‘ரோம் அழைப்பு’ பொறுப்பேற்றல் என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பொறிக்கு மனச்சான்று இல்லை, மனிதருக்கே பொறுப்பு என்று அந்திக்குவா எத் நோவாவும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எழுத்தில் இது நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் யார், எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று கேட்க ஒரு தொழிலாளிக்கு உரிமை உண்டு என்ற வரியை நான் தேடியும் காணவில்லை.

1891 மே 15இன் ‘ரேரும் நொவாரும்’ மடலை இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறோம். அதுவும் முறைப்படி ஆயர்களுக்கு எழுதப்பட்டதுதான். சோசலிசத்தை மறுத்தது, தனிச்சொத்தைத் தாங்கிப் பேசியது. பெண்ணுக்கு இயல்பாகப் பொருந்துவது வீட்டுவேலை என்று எழுதிய ஒரு பத்தியும் அதில் உண்டு. எங்கள் கம்பெனி பஸ்களைப் பார்த்தால் பதின்மூன்றாம் லியோவே அந்தப் பத்தியை அடித்துத் திருத்தியிருப்பார். இருந்தும் அந்த மடல் தொழிலாளியின் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ கொடுத்தது. சங்கம் சேரலாம் என்றது. வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்றது. சிக்கனமாக வாழும் ஒருவருக்குப் பிழைக்கப் போதாத கூலியை, அவரே ஒப்புக்கொண்டாலும் நியாயமான கூலி என்று சொல்ல முடியாது என்றது. ஞாயிறு ஓய்வைக் கேட்டது. அதைப் படித்து, அல்லது பிறர் சொல்லக் கேட்டு, ஒரு நெசவாலைத் தொழிலாளி முதலாளியின் முன்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. 2020 முதல் வந்த ஆவணங்கள் முதலாளியின் மனச்சான்றைத் தட்டுகின்றன. தட்டட்டும். கதவு திறக்கும்வரை வெளியே நிற்பவர்களுக்கு அவை என்ன கொடுத்தன?

எங்கள் அரசைக் கேட்காமல் தங்களைக் கேட்பது ஏன் என்று தோன்றலாம். அரசையும் கேட்கிறோம். 2020 செப்டம்பரில் தமிழ்நாடு பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது, நல்ல கொள்கைதான். ஆனால் அரசுத் துறைகள் மக்களுக்காகக் கொண்டுவரும் மென்பொருளை எடைபோடத்தான் அது. தனியார் ஆலையின் ஷிஃப்ட் பட்டியலுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. கடைகளில் நின்றே வேலை செய்யும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் இதே மாநிலம் சட்டம் திருத்தியது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் செய்யத் தெரிந்த அரசுக்கு ஒரு கேமராவுக்கும் செய்யத் தெரியும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. சங்கங்கள் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த நாள் திருஅவை நாட்காட்டியில் தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. அன்று எங்கள் பக்கம் வெற்றி பெற்றதற்குக் காரணம், எதிர்க்க வேண்டியது ஒரு காகிதத்தில், ஒரு பிரிவு எண்ணோடு, கண்ணுக்கு முன்னால் இருந்ததுதான். மென்பொருள் தினமும் இரவில் மாற்றும் டார்கெட்டை எந்தச் சட்டமன்றத்தில் போய்த் திரும்பப் பெறச் சொல்வது?

இடையில் ஒரு வார்த்தை. கிறிஸ்தவ உலகில் ரோபோ என்றதும் பெரிதாகப் பேசப்படுவது வேறு. 2017இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் ஆசி வழங்கும் ரோபோவை நிறுத்தினார்கள். 2024இல் சுவிட்சர்லாந்தின் லூசர்னில் ஒரு சிற்றாலயத்தின் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் கணினி இயேசுவோடு மக்கள் உரையாடினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க அமைப்பு குருவைப் போலப் பேசும் நிரல் ஒன்றைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அதன் குருத்துவ உடையைக் கழற்றியது. ரோபோ ஆசீர்வதிக்கலாமா என்பது சுவையான கேள்வி. இறையியலாளர்கள் அதற்கு உடனே விடை சொன்னார்கள். லைனை விட்டு ஒரு பெண் கழிப்பறைக்குப் போய்வந்த நேரத்தை வேலையில்லா நேரமாகத் திரையில் சிவப்பில் காட்டலாமா என்பது சுவையற்ற கேள்வி. அதற்கும் அதே வேகத்தில் விடை வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் நாட்டில் திருஅவையும் ஒரு முதலாளி. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், தொழிற்பயிற்சிக் கூடங்கள் என்று ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது. முகம் காட்டி வருகை பதியும் கருவியை வாங்கும்போது, அந்த முகப்பதிவு எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது என்று அங்கே துப்புரவுப் பணி செய்யும் அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? கருவி முகத்தை அடையாளம் காணாமல் விட்ட நாளில் சம்பளம் பிடிக்கப்பட்டால் அவர் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பெயர் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா? எந்த நிறுவனத்தையும் குறித்து இதை எழுதவில்லை. ‘ரோம் அழைப்பு’ முதலில் நடைமுறைக்கு வர வேண்டிய இடம் ரோமின் பெயரைத் தாங்கிய இடங்கள்தானே என்ற நியாயத்தில் கேட்கிறேன்.

தாங்கள் பெருவில், சிக்லாயோவில், ஏழைகளோடு வாழ்ந்தவர். ஆகவே நாங்கள் கேட்பது பெரிதாகத் தோன்றாது. உழைப்பையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றித் தாங்கள் எழுதப்போகும் மடல் எதுவாயினும், அதை எழுதும் முன் பொறியின் முன் நிற்பவர்களை அழைத்துக் கேளுங்கள். எங்கள் பஸ்ஸிலிருந்து யாரும் வர வேண்டும் என்றில்லை. மணிலாவிலிருந்தோ தாக்காவிலிருந்தோ எவர் வந்தாலும் எங்கள் கதையைத்தான் சொல்வார். ஒருவரின் வேலையையோ கூலியையோ பறிக்கும் எந்த முடிவின் அடியிலும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், அவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதை நீதியின் கடமை என்று தெளிவாக எழுதுங்கள். பரிந்துரை என்று எழுதாதீர்கள். கான்ட்ராக்ட் தொழிலாளியையும் டிரெய்னியையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஊழியர் என்று மட்டும் எழுதினால் எங்கள் ஊரில் பாதிப்பேர் அதற்கு வெளியே நின்றுவிடுவார்கள். திருஅவையின் நிறுவனங்கள் இதை எந்தத் தேதிக்குள் செய்துமுடிக்க வேண்டும் என்று ஒரு தேதி போடுங்கள்.

அந்த மடல் தமிழிலும் வரட்டும், பங்குகளில் படிக்கப்படட்டும். ஒரு நடைமுறைச் சிக்கலையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி பஸ் வருகிறது. காலைத் திருப்பலியில் படித்தால், யாருக்காக எழுதினீர்களோ அவர்கள் லைனில் நின்றுகொண்டிருப்பார்கள். முதல் ஷிஃப்ட் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் மாலையில் இன்னொரு முறை படிக்கும்படி ஆயர்களுக்கு எழுதும் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பணிவுடன்,
ஊத்தங்கரையிலிருந்து ஒரு பொதுநிலையினன்